இரண்டு நூல் வாட்டம்

எங்கள் வீட்டு மாடிக் குளியலறையில் ஒரு குவளைத் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எந்தப் பக்கம் ஓடும் என்பதில் எனக்கும் ஒரு கான்ட்ராக்டருக்கும் ஐந்து மாதம் சண்டை நடந்தது. கடைசியில் அவர் தளத்தை உடைத்து மறுபடி போட்டுக் கொடுத்தார். அந்த வகையில் நான் ஜெயித்தவள். பள்ளிக்கூடத்தில் யார் வீட்டில் கொத்து வேலை நடந்தாலும் ஸ்டாஃப் ரூமில் என்னிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள். "டீச்சர் விடமாட்டாங்க, கான்ட்ராக்டருக்கே தண்ணி காட்டினவங்க" என்று ஒருவர் சிலேடையாகச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கதையை நான் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஒரு இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறேன். அந்த இடத்தையும் சேர்த்து ஒரு தடவை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நங்கநல்லூரில் 1991இல் மாமனார் கட்டிய வீடு. அந்தக் காலத்து வழக்கப்படி மாடிக் குளியலறையின் தளத்தை மட்டும் ஓரடி தாழ்த்திப் போட்டு, குழாய்களை அதில் படுக்கவைத்து, மேலே செங்கல் ஜல்லியை நிரப்பியிருந்தார்கள். கொத்தனார்கள் இதை 'சங்கன்' என்பார்கள். அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் வெளியே தெரியவே தெரியாது. ஜல்லி முழுக்க ஊறிய பிறகு, வாரக்கணக்கில் கழித்து, கீழ் அறையின் கூரையில் வந்து தலைகாட்டும். கீழே எங்களுக்கு இருப்பது சமையலறை. சமையலறைக்கு மேலே குளியலறை இருக்கலாமா என்று எதிர்வீட்டு மாமி வாஸ்து பேசினார். வாஸ்துவோ என்னவோ, குழம்பு கொதிக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓதம் அடிப்பது யாருக்கும் ஆகாது.

வேலை 2023 மே மாதம் ஆரம்பித்தது. மாடிக் குளியலறை முழுசாக, கீழே சமையல் மேடை, கொஞ்சம் பெயின்ட் எல்லாம் சேர்த்து 2,85,000 ரூபாய். கான்ட்ராக்டரைக் கொண்டுவந்தது என் பெரியம்மா மகன். எனக்கு அண்ணன். "நம்ம ஆளு, கண்ணை மூடிக்கிட்டு குடு" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தேன். ஒரு பக்க எஸ்டிமேட் தந்தார்கள், கையெழுத்துப் போட்டேன். அதில் ஏழாவது வரியில் 'வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட், 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதித்தல்' என்று அச்சடித்திருந்தது. வருஷம் முழுக்கப் பிள்ளைகளிடம் கேள்வித்தாளை இரண்டு தடவை படி என்று கத்துகிறவள் அந்த வரியை அக்டோபர் மாதம்தான் படித்தேன்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனியில் மகளுக்கு வளைகாப்பு. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் வந்து தங்குவது மாடியில்தான். ஜூன் இரண்டாவது வாரத்திலிருந்து காலையிலும் மாலையிலும் மாடிப்படியில் நின்று "எப்ப முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முடித்தும் கொடுத்தார்கள். வளைகாப்பு நன்றாக நடந்தது. புதுக் குளியலறையைப் பார்த்துவிட்டு சம்பந்தி அம்மா கல் எந்தக் கடையில் எடுத்தது என்று விசாரித்தார். கதவுப் பூட்டு, கண்ணாடி, சந்து பூசுவது என்று சில்லறை வேலைகள் பாக்கி. அதற்காக 45,000 ரூபாயை நிறுத்திவைத்திருந்தேன்.

மழை மேல் பழி

செப்டம்பரில் சமையலறைக் கூரையில், குழல் விளக்குக்குப் பக்கத்தில், தோசை அளவுக்கு ஒரு கறை வந்தது. அடுத்த மாதம் அதில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிந்தது. போன் செய்தேன். "சார் இருந்தா குடுங்க மேடம்" என்றார் கான்ட்ராக்டர். எஸ்டிமேட்டில் கையெழுத்து என்னுடையது, பணம் போனது என் கணக்கிலிருந்து. ஆனாலும் கசிவு பற்றிப் பேச சார்தான் வேண்டும். சாரோ சண்டை என்றாலே வேறு அறைக்குப் போய்விடுகிறவர். "பாத்துச் செய்யுங்க" என்று அவர் சொல்ல, "செஞ்சிடலாம் சார்" என்று இவர் சொல்ல, இரண்டு மாதம் ஓடியது.

அப்புறம் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். அந்த மழையைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கான்ட்ராக்டருக்கு அது வானத்திலிருந்து இறங்கிய வக்கீல். "ஊரே முழுகிப்போச்சு மேடம், உங்க வீட்ல மட்டும் ஒழுகாம இருக்குமா? மொட்டை மாடித் தண்ணி சுவர் வழியா இறங்குது" என்றார். மழைக்கு மூன்று மாதம் முன்னாலேயே கறை வந்துவிட்டது என்றேன். "அப்பவும் தூறல் இருந்துச்சே" என்றார். மொட்டை மாடியிலிருந்து இறங்கினால் முதலில் குளியலறைக் கூரை நனைய வேண்டும்; அது பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. இதையெல்லாம் போனில் சொல்லி நிரூபிக்க முடியாது. புயல் முடிந்த வாரத்தில் எந்த வீட்டுச் சுவரில் ஈரம் இல்லை?

தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஓர் இன்ஜினீயரை வரவழைத்தேன். பார்வையிட்டு அறிக்கை தர 6,000 ரூபாய். அவர் பெரிய கருவி எதையும் கொண்டுவரவில்லை. மழை விட்டுவிட்டதால் சுலபமான வழி ஒன்று சொன்னார்: பத்து நாள் அந்தக் குளியலறையைப் பூட்டிவையுங்கள், அப்புறம் பத்து நாள் வழக்கம்போலக் குளியுங்கள், தினம் ஒரே நேரத்தில் கூரையைப் படம் எடுங்கள். பூட்டிய நாட்களில் கறை சாம்பல் நிறத்துக்கு வெளுத்துக் காய்ந்தது. திறந்த நான்காம் நாள் மறுபடி கறுத்தது. வானத்தில் மேகமே இல்லை. தேதியோடு இருபது படங்கள். இந்த விவகாரத்தில் நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் டிசம்பர் கடைசியில் போயிருந்தது. அதற்கு முன் ஊரில் எல்லோரும் ஒவ்வொரு சட்டம் சொன்னார்கள். 'ரெரா சட்டத்துல அஞ்சு வருஷம் கேரன்டி இருக்கு' என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துப் பேசினார். ரெரா என்பது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்; அந்த ஐந்து வருடம் புதுக் குடியிருப்புகளைக் கட்டி விற்கும் புரமோட்டருக்கு. நம் வீட்டுக் குளியலறையைச் செப்பனிடும் கான்ட்ராக்டர் அதில் வரமாட்டார். நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதில் 'சேவை' என்பதற்குள் வீட்டுக் கட்டுமானமும் அடங்கும். 1986இல் வந்த பழைய சட்டத்தில் முதலில் அந்தச் சொல் இல்லை, 1993 திருத்தத்தில் சேர்த்தார்கள். அதே வருடம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், கட்டுமானப் பணியில் குறை இருந்தால் அது சேவைக் குறைபாடுதான் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டாம், நாம் இருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். இதெல்லாம் என் வக்கீல் சொல்லித் தெரிந்தது. அவர் இன்னொன்றும் சொன்னார். "படம் இருக்கு, ரிப்போர்ட் இருக்கு. கல்லுக்கு அடியில என்ன நடந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் கிடைச்சா ரொம்ப நல்லது."

கைமாற்று

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த ஆளே வந்து வாசலில் நின்றார்.

கல் ஒட்டிய கொத்தனார். செய்யாறு பக்கம். வேலை நடந்த ஆறு வாரமும் தினமும் பார்த்தவர்தான், ஆனாலும் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றபோது சட்டென்று அடையாளம் தெரியவில்லை. "அம்மா, நம்ம பாக்கிய குடுத்தீங்கன்னா ஊருக்குப் போவேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. என் வீட்டு வேலைக்காக அவருக்கு 7,000 ரூபாய் சொச்சம் வர வேண்டும். கேட்கும்போதெல்லாம் கான்ட்ராக்டர் சொன்ன பதில்: "டீச்சரம்மா நாப்பத்தஞ்சாயிரம் நிறுத்தி வெச்சிருக்கு. அது வந்தாத்தான் உனக்கு." புயலுக்குப் பிறகு மூன்று வாரம் எங்கும் வேலை இல்லை. பொங்கல் வருகிறது. கான்ட்ராக்டரிடம் கேட்டுக் கேட்டு அலுத்து, நேராக என்னிடமே வந்துவிட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். கல் ஒட்டியதே இந்த ஆள்தானே? "மேல வாங்க, நீங்க போட்ட தரையைப் பாருங்க" என்று அழைத்துப் போனேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வந்தார். நான் ஒன்றும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு, வாசற்படி ஓரமாகச் சத்தமில்லாமல் ஊற்றினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். தண்ணீர் பாதி அறை வரைக்கும் ஒழுங்காகப் போனது. அப்புறம் யோசிப்பதுபோல நின்று, வடிகாலை விட்டு விலகி, மேற்குச் சுவரின் அடிக்குப் போய்த் தேங்கியது. "அடிக்கு ரெண்டு நூல் வாட்டம் வெக்கணும்மா" என்றார். வாட்டம் என்றால் சரிவு; கொத்தனார் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்ச். "இங்க பாதிக்கு மேல எதிர்வாட்டமா போயிருக்கு." பையிலிருந்து சாவியை எடுத்துக் கல்லைத் தட்டினார். சில கற்கள் கெட்டியாகப் பேசின. சுவரோரத்தில் நான்கைந்து கற்கள் காலிப் பானை மாதிரி ஒலித்தன. அடியில் முழுக்கக் கலவை பரப்பாமல் நாலு மூலைக்கும் கொழுக்கட்டை மாதிரி உருட்டி வைத்து ஒட்டினால் இந்தச் சத்தம்தான் வரும் என்று அவரே சொன்னார். தான் போட்ட கல் என்பதை மறைக்கவும் இல்லை, அதற்காகத் தலைகுனியவும் இல்லை. ஒரு வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்புறம் மற்றதையும் சொன்னார். பழைய கல்லைப் பெயர்த்ததும் ஜல்லி ஈரமாக இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் வாரிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். கான்ட்ராக்டர் மேலாகக் கொஞ்சம் வாரினால் போதும் என்றிருக்கிறார். வடிகால் வாயில், வாடை மேலே ஏறாமல் தடுக்க இருந்த பழைய ட்ராப்பையும் மாற்றவில்லை. எஸ்டிமேட்டில் புதுசுக்குக் காசு எழுதியிருந்தது. ரசாயனப் பூச்சு இரண்டு கோட்டுக்குப் பதில் ஒன்று, அதுவும் ஈரத்தின் மேலேயே. தண்ணீர் கட்டிப் பார்த்தார்களா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ரெண்டு நாள் தண்ணி கட்டணும், அதுக்கு முன்னாடி பூச்சு காயணும். எங்கம்மா நேரம்? சாயங்காலம் பூச்சு அடிச்சோம், காலைல கல்லு. நீங்கதானம்மா படியில நின்னு எப்ப முடியும் எப்ப முடியும்னு கேட்டுட்டே இருந்தீங்க. மேஸ்திரி எங்கள விரட்டுறாரு. கடைசி நாளு ராத்திரி ஒம்போது மணிக்கு டார்ச் லைட்ல அந்த மூலைய ஒட்டினேன்."

அந்த ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, ரொம்ப நல்லவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்ட ராத்திரி.

45,000 ரூபாயை நிறுத்திவைத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் கான்ட்ராக்டர் என் போனையே எடுத்திருக்கமாட்டார். ஆனால் நான் நிறுத்தியது அவர் பணத்தை என்று நினைத்திருந்தேன். அவர் அதைத் தன் சட்டைப்பையில் படவே விடவில்லை. நேராகக் கீழே தள்ளிவிட்டார். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே இறங்குவது தண்ணீருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை போலிருக்கிறது.

7,000 ரூபாயை எடுத்து வந்து நீட்டினேன். வாங்கமாட்டேன் என்றார். வாசலுக்கு வந்து கேட்டவர், கையில் கொடுத்ததும் பின்வாங்கினார். "உங்ககிட்ட வாங்கிட்டா அவருகிட்ட என்னன்னு கணக்கு சொல்றது? அப்புறம் வேலைக்கே கூப்பிடமாட்டாரு." கடைசியில் 3,000 மட்டும், அதுவும் கைமாற்றாகத்தான் வாங்கிக்கொண்டார். இதையெல்லாம் எழுதிக் கொடுப்பீர்களா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத நேரம். கைமாற்று வாங்கிய கை இன்னும் மடங்கவில்லை. "பேரெல்லாம் வேணாம்மா. உங்களுக்குத் தெரியட்டும்னு சொன்னேன்." சரி, உங்கள் பெயர் எங்கேயும் வராது என்றேன். நான்தான் சொன்னேன்.

பொங்கல் முடிந்து நோட்டீசுக்குப் பதில் வந்தது. இணைப்பில் என் வாட்ஸ்அப் செய்தியின் படம்: 'எப்படியாவது 20ஆம் தேதிக்குள் முடித்துக் கொடுங்கள். சின்னச் சின்ன விஷயமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.' வீட்டுக்காரர் அவசரப்படுத்தியதால் சோதனைக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று எதிர்வாதம். சோதனை செய்யவில்லை என்பதை இந்த வரியில் அவரே ஒப்புக்கொள்கிறார் என்று என் வக்கீல் சந்தோஷப்பட்டார். அவசரப்படுத்தினால், முடியாது என்று சொல்ல வேண்டியது தொழில் தெரிந்தவனின் பொறுப்பு என்றும் சொன்னார். சட்டப்படி அது சரிதான். எனக்கு மட்டும் அந்தச் செய்தியைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் டார்ச் லைட் ஞாபகம் வந்தது.

அண்ணன் வீட்டுக் கூடம்

பிப்ரவரியில், ஆணையத்துக்குப் போகும் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேசலாம் என்று அண்ணன் தன் வீட்டுக்கு இருவரையும் கூப்பிட்டார். கூடத்தில் கான்ட்ராக்டர், அண்ணன், நான், என் கணவர். அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். இருபது படங்களைக் காட்டினேன். "போட்டோல என்ன வேணா காட்டலாம் மேடம்" என்றார். இன்ஜினீயர் அறிக்கையைக் காட்டினேன். "காசு குடுத்தா எந்த இன்ஜினீயரும் எழுதுவாரு." அண்ணன் "பரவாயில்ல, ஆளுக்குப் பாதி போட்டுக்கோங்க" என்று ஆரம்பித்தார். கான்ட்ராக்டர் தன் போனில் என் செய்தியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லியிருக்கியேம்மா?"

நான் தாண்டிக் குதிக்கும் இடம் இதுதான். "கல்லுக்கு அடியில கலவையே இல்லைன்னு உங்க ஆளே சொல்றாரு. பழைய ட்ராப்பை மாத்தாம காசு வாங்கினீங்கன்னும் சொல்றாரு" என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் தெளிவாகத்தான் சொன்னேன். கூடம் அமைதியாகிவிட்டது. கான்ட்ராக்டர் முகத்தில் இருந்த சிரிப்பு போனது. பெயர் சொல்லவில்லைதான். அந்தக் குளியலறையில் கல் ஒட்டியது ஒரே ஒரு ஆள், பெயர் எதற்கு?

"யாரு மேடம் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பேரம் பத்து நிமிடத்தில் முடிந்தது. தளத்தை முழுக்க உடைத்து, ஜல்லியை வாரி, ட்ராப் மாற்றி, மறுபடி போட்டுத் தருவது. கூலி அவர் பொறுப்பு, கல்லும் பூச்சும் நான் வாங்குவது, அந்தச் செலவை 45,000இல் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தண்ணீர் சோதனை முடிந்த பிறகு தருவது. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆட்களின் கூலி பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "அது எங்களுக்குள்ள மேடம்" என்றார். அந்த வரி சேரவில்லை. வரும் வழியில் என் கணவர் "நல்லா பேசின" என்றார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை.

வேலைக்கு வேறு கொத்தனார் வந்தார். பழையவர் எங்கே என்று கேட்டதற்கு, தெரியாது என்றார். அன்று மாலையே போன் செய்தேன். ஒரகடத்தில் வேறு மேஸ்திரியிடம் இருப்பதாகச் சொன்னார். பாக்கி வந்ததா என்றேன். "வரும்மா" என்றார். நான் சொன்னது அவர் காதுக்குப் போயிருந்ததா என்று கேட்கத் தொடங்கினேன், "விடுங்கம்மா, அந்த மூவாயிரத்த ஜிபேல போட்டுவிடறேன்" என்று பேச்சை முடித்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு மாதம் கழித்து, ஆயிரம் ஆயிரமாக மூன்று தடவையில் அனுப்பினார். மிச்ச 4,000க்கு நான் அனுப்பியதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மார்ச் முதல் வாரம். பூச்சு இரண்டாவது கோட்டும் காய்ந்து, வடிகால் வாயை அடைத்து, இரண்டு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் கட்டினோம். சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். வெயில் காலம் தொடங்கிவிட்டதால் தண்ணீர் காற்றிலும் கொஞ்சம் போகும் என்று இன்ஜினீயர் சொல்லியிருந்தார். அதனால் பக்கத்திலேயே ஒரு அகல பேசினில் தண்ணீர் ஊற்றி, அதிலும் ஒரு கோடு. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கவலை இல்லை. தரைத் தண்ணீர் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. இரண்டு நாளில் சமையலறைக்கும் மாடிக்கும் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. 48 மணி நேரம் முடிந்தபோது பேசினில் ஒரு நூல் குறைந்திருந்தது. தரையிலும் ஒரு நூல். கீழே கூரை காய்ந்தே இருந்தது.

புதுக் கொத்தனார் குனிந்து இரண்டு பென்சில் கோட்டையும் பார்த்தார். "நல்லாருக்கு மேடம். நாளைக்குக் கல்லு ஒட்டிடலாமா? விசேஷம் எதுனா வெச்சிருக்கீங்களா வீட்ல?"

ஒன்றும் இல்லை, இன்னொரு நாள் தண்ணீர் நிற்கட்டும் என்றேன்.